மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. எல்லோரும் மூச்சுப்பிடிப்பு என்கிறார்கள்

கேள்வி: சங்ககிரியிலிருந்து, திங்கள் காலை

எங்கள் வீட்டுக்காரருக்கு வயது 43. லாரி டிரைவர். ஈரோட்டில் மஞ்சள் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனவர், அங்கிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, சனிக்கிழமை இரவு வீடு சேர்ந்தார். எட்டு நாள் ஓட்டம். தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருப்பார். மூச்சை இழுத்தவர் அப்படியே விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். வலது மார்புக்குக் கீழே, பக்கவாட்டில். மூச்சை மெதுவாக விடும்போது ஒன்றும் இல்லை. இழுத்தால் பாதியிலேயே குத்தி நிறுத்துகிறது. தும்மினால் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

மாமியார் பூண்டு சுட்டுக் கொடுத்தார். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தேய்த்தார். நேற்று பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். வாய்வு, மூச்சுப்பிடிப்பு என்று சொல்லி ஊசி போட்டு ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, முதுகில் குழாய் வைத்தும் பார்க்கவில்லை. அதுதான் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அவரோ, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டியதில் பிடித்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை என்கிறார். சர்க்கரை இல்லை. பீடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. புதன்கிழமை அடுத்த லோடு இருக்கிறது. பயப்பட வேண்டிய வலியா, பிடிப்புத்தானா, எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு இரவாக அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

பதில்: சோமனூரிலிருந்து

அம்மணி, எனக்கும் இது வந்தது. நான் தறி ஓட்டுகிறவன். போன வருடம் நூல் சுற்றிய பாவு பீமைத் தனியாளாகத் தூக்கி மாட்டினேன். மறுநாள் காலையில் மார்பெலும்பின் இடது ஓரத்தில் குத்தல். மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. பிறகு டாக்டர் ஒற்றை விரலால் விலாவும் மார்பெலும்பும் சேரும் குருத்தெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது விலாவில் விரல் பட்டதும் துள்ளிவிட்டேன். அந்தக் குருத்தெலும்பு வீங்கிப்போனதால் வந்த வலி என்றார். வெந்நீர் ஒத்தடமும் பத்து நாள் மாத்திரையும்தான் வைத்தியம். முழுதாக விட்டுப்போக ஆறு வாரம் ஆனது.

உங்கள் வீட்டுக்காரர் ஒரு விரலை வைத்து, இங்கேதான் என்று காட்டுகிறாரா, அந்த இடத்தை அழுத்தினால் அதே வலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கயிறு இழுத்ததாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அப்படிச் சொன்னது இ.சி.ஜி. பார்த்த பிறகு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதில்: கோபிசெட்டிபாளையத்திலிருந்து

எட்டு நாள் உட்கார்ந்தே ஓட்டினார் என்று படித்ததும் என் கை நடுங்கியது. உடனே போய் அவருடைய இரண்டு கெண்டைக்காலையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா?

இரண்டாவது குழந்தை அறுவை செய்து பிறந்த பதினோராம் நாள் எனக்கு இடது கெண்டைக்கால் கனத்துக் கிடந்தது. படுத்தே இருப்பதால் என்று அம்மா நீவிவிட்டார். அன்று சாயங்காலம் முதுகுப்பக்க விலாவில் சுருக்கென்று ஒரு குத்து, பின்னாலேயே மூச்சிரைப்பு. நாலு படி ஏற முடியவில்லை. காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருந்தது. கையில் மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க முதலில் ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. இன்று நன்றாக இருக்கிறேன். அந்தக் காலை இன்னொரு முறை நீவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பிரசவம், அறுவை, எலும்பு முறிந்து படுக்கை, நாள்கணக்கில் உட்கார்ந்த பயணம், சில கருத்தடை மாத்திரைகள், புற்றுநோய், இவற்றுக்குப் பிறகு வரும் மூச்சுக்குத்தலை யார் பிடிப்பு என்று சொன்னாலும் நம்பாதீர்கள். சோமனூர் அண்ணா சொன்ன விரல் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். எனக்கும் அழுத்தினால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

கேட்டவர், திங்கள் மதியம்

கால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. வீக்கம் இல்லை. விரல் வைத்துக் காட்டச் சொன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் காட்டுகிறார். அழுத்தினால் பெரிதாக வலிக்கவில்லை, உள்ளே இருக்கிறது என்கிறார். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தேவலை என்று அப்படியே படுத்திருக்கிறார்.

பதில்: பெருந்துறையிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்

கண்ணு, நான் முப்பத்தொரு வருடம் வார்டில் நின்றவள். அதில் பாதிக்கு மேல் நெஞ்சு நோய் வார்டு. டாக்டர் இல்லை, அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த மூச்சுப்பிடிப்பு என்கிற பேரைக் கீழே வையுங்கள். வலி எப்போது வருகிறது என்பதற்கு நம் பெரியவர்கள் வைத்த பேர் அது. எதனால் வருகிறது என்பது அந்தப் பேருக்குள் இல்லை. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வாரக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒவ்வொருவர் விலாவிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

நுரையீரலுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஓர் உறை உண்டு. உள்மடிப்பு நுரையீரலை ஒட்டியிருக்கும், வெளிமடிப்பு விலாவின் உட்புறத்தை ஒட்டியிருக்கும். வலி தெரிவது அந்த வெளிமடிப்புக்கு. நடுவே வழுக்கிப்போக இத்தனூண்டு ஈரம். அந்த உறை அழன்று சொரசொரப்பாகிவிட்டால், மூச்சை இழுக்கிற ஒவ்வொரு முறையும் இரண்டும் உரசும். குழாய் வைத்துக் கேட்டால் புதுச் செருப்புத் தோல் முனகுவது போல ஒரு சத்தம் வரும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அந்த மாதிரி வலியாகத் தெரிகிறது. வலிக்கிற பக்கத்தையே கீழே அழுத்திப் படுத்தால் அந்தப் பக்கம் அசைவு குறையும், அதனால் சுகமாக இருக்கும். பிடிப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் படுக்கவே விடாது.

உறை ஏன் அழலும்? நிமோனியா ஒரு காரணம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், துரு நிறத்தில் சளி. கோபித் தங்கச்சி சொன்ன ரத்தக்கட்டி, தாமதிக்கவே கூடாத ஒன்று. கால் வீக்கம் இல்லை என்பதால் மட்டும் அது இல்லை என்று ஆகிவிடாது. சில வைரஸ் காய்ச்சல்களும் செய்யும், அவை தாமாகவே போய்விடும். இன்னொன்று இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உறை அழலாமலே இப்படி வலிப்பதும் உண்டு. ஒல்லியாக, நெட்டையாக இருபது வயதுப் பையன்கள் வருவார்கள். ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தபோது வலி, அப்படியே மூச்சுத்திணறல். படம் எடுத்தால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். விலா இடுக்கில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இன்னும் சிலர் படுத்தால் வலி கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தேவலை என்பார்கள். அது இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் ஊசி குத்தினாற்போல வந்து, மூச்சை இழுக்க விடாமல் நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே போய்விடும் ஒரு வலியும் உண்டு. அதில் ஆபத்து இல்லை.

அக்கியையும் சொல்ல வேண்டும். மொடக்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மூன்று நாளாக ஒரு பக்க விலாவில் எரிச்சலும் குத்தலும். சேலை பட்டாலே துடித்தார். இ.சி.ஜி., படம், எல்லாம் சரி. நாலாம் நாள் முதுகிலிருந்து மார்பு வரை வரிசையாகக் கொப்புளம். மண்பானை செய்கிறவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டுதான் திரும்பி வந்தார். எழுதிக்கொள்ளட்டும், அதை நான் ஒருநாளும் பழித்ததில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையும் தொடங்கினால், கொப்புளம் சீக்கிரம் ஆறும், வலியும் அவ்வளவு படுத்தாது. அவருக்கு அந்த நேரம் தாண்டிப் போயிருந்தது.

மாரடைப்பு வலி பொதுவாக மூச்சோடு கூடிக் குறையாது. நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போல அழுத்தும், கைக்கும் தாடைக்கும் போகும், வியர்க்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது எந்த வேடத்தில் வேண்டுமானாலும் வரும். மூச்சிரைப்பு, மயக்கம், உதடு நீலம், சளியில் ரத்தம், படபடவென்று நிற்காத நாடி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் யாரையும் கேட்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் கருவி இருந்தால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலும் அப்படியே.

இப்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். சாயங்காலம் உடம்பு சுடுகிறதா? இரவில் சட்டை நனைகிற மாதிரி வியர்க்கிறதா? இருமல் எத்தனை நாளாக? வேட்டியை முன்பைவிட இறுக்கிக் கட்டுகிறாரா? அவரிடம் கேட்காதீர்கள், இல்லை என்பார். நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

கேட்டவர், செவ்வாய் மாலை

அம்மா, நல்ல செய்தி. வலி பாதிக்கு மேல் போய்விட்டது. நேற்று இரவு வலியில்லாமல் தூங்கினார். பார்த்தாயா, பிடிப்புத்தான் என்று சிரிக்கிறார். நாளைக்கு லோடு ஏற்றப் போவதாக ஓனரிடம் சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டதற்கு யோசித்துப் பார்த்தேன். வறட்டு இருமல் ஒரு மாதமாக இருக்கிறது. டீசல் புகை, தூசி என்று நினைத்தேன். போன முறை வந்தபோதே தலையணை உறை ஈரமாக இருந்தது. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறார். நேற்றுதான் கவனித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது கொஞ்சம் மூச்சு இளைத்தது. வலிதான் இல்லையே?

பதில்: பெருந்துறைச் செவிலியர், அரை மணி நேரம் கழித்து

அவரை லாரியில் ஏற விடாதீர்கள்.

வலி குறைந்து இளைப்பு கூடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. உரசுவதால்தான் வலி என்று சொன்னேன். நடுவே நீர் ஊறிச் சேர்ந்தால் இரண்டு மடிப்பும் விலகிவிடும். உரசல் நின்றதும் வலியும் நிற்கும். நோய் போயிருக்காது, நீர் கோத்திருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து இளைக்கிறவர் நாளைக்குத் தார்ப்பாய் கட்டுவது எப்படி?

ஓட்டையும் இருமலும் தலையணையும் நீங்கள் சொன்னபடி இருந்தால், நான் கடைசியில் கேட்கிறேன் என்று நிறுத்தியது காசநோய்தான். இன்னும் உறுதி இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் நீர் இருப்பது தெரிந்துவிடும். இன்று இரவே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எட்டு நாள் உட்கார்ந்து ஓட்டியதையும் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தக்கட்டியையும் தேடட்டும்.

பதில்: நாமக்கல்லிலிருந்து

நானும் டிரைவர்தான், 22 வருடம். தங்கச்சி, ஓனரிடம் அவர் பேசக் கூச்சப்படுவார். நீங்களே பேசுங்கள். ஒரு நடை போனால் போகட்டும். மூச்சை முழுதாக இழுக்க முடியாதவன் தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்கக் கூடாது. அவருக்காக மட்டும் சொல்லவில்லை, முன்னால் போகிற வண்டிகளில் இருப்பவர்களுக்காகவும்தான் சொல்கிறேன்.

கேட்டவர், அடுத்த வாரம் வியாழன்

நடந்ததை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. இதே வலியோடு வேறு யாராவது இங்கே வந்து படிக்கலாம்.

செவ்வாய் இரவே சேலம் போனோம். அவர் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. டாக்டர் முதுகில் விரலால் தட்டிக் காட்டினார். இடது பக்கம் காலிப் பானை போலவும் வலது பக்கம் தண்ணீர் நிறைந்த குடம் போலவும் சத்தம். ரத்தக்கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடும் டி-டைமர் என்ற அளவு கூடியிருந்ததால் ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி இல்லை. வேறு அழற்சி இருந்தாலும் அது கூடும் என்றார்கள்.

மறுநாள் அவரை மேசைமேல் தலையணை வைத்து முன்னால் குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கரும்புச்சாறு மாதிரி இருக்கும் என்று நான் எதற்கோ நினைத்திருந்தேன். தெளிந்த வைக்கோல் நிறம். எடுத்து முடித்ததும் அவர் முழு மூச்சு ஒன்று இழுத்தார். நாலு நாளில் முதல் முழு மூச்சு. என்னைப் பார்த்தார். அப்போதுதான் பேசினார்.

நீரைச் சோதித்ததில், காசநோய் இருந்தால் கூடும் ஏ.டி.ஏ. என்ற அளவு 40-க்கு மேல் நன்றாகத் தாண்டியிருந்தது. நுரையீரல் உறையில் காசநோய். சளியில் கிருமி இல்லை. பிள்ளைகள் இருவருக்கும் எனக்கும் மாமியாருக்கும் பரிசோதனை செய்தார்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாத மாத்திரை, அரசுக் கணக்கில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்று பதிவு செய்துகொண்டார்கள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். ஊரில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். வீட்டுக்காரர் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

பதில்: பெருந்துறைச் செவிலியர்

அந்தத் தட்டை இன்று இரவே உள்ளே கொண்டுவாருங்கள் கண்ணு. தட்டாலும் டம்ளராலும் காசநோய் பரவாது. நுரையீரலில் நோய் இருப்பவர் இருமும்போது காற்றில்தான் பரவும். இவருக்குச் சளியில் கிருமியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த பெருந்துறையே ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம்தான். நோயாளிகளை வீட்டைவிட்டுப் பிரித்து மாதக்கணக்கில் காற்றாடப் படுக்கவைத்தார்கள். பிறகு 1950-களின் பிற்பாதியில் நம் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேரை சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சிறிய, நெருக்கடியான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டவர்கள். ஆனாலும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் வைத்ததால் உடனிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதன் பிறகுதான் உலகமே நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுக்கத் துணிந்தது. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பேச வேண்டுமென்றால் பேசுகிறேன்.

இனி மாத்திரை. இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறி, பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிடும். அப்போதுதான் நிறுத்தத் தோன்றும். வண்டியில் போகும் நாட்களுக்கும் எண்ணி எடுத்துக் கொடுத்தனுப்புங்கள். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் வந்தால், பார்வை மங்கினால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்து நடக்கும்வரை சாராயம் வாயில் படக்கூடாது. இன்னொன்று, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வியர்வை பட்டு வெள்ளைப் பனியனும் நிறம் மாறலாம். அது மாத்திரையின் நிறம். பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

கேட்டவர், சனிக்கிழமை

இன்று விடியற்காலை கொல்லைப்பக்கத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டார், ரத்தமாகப் போகிறது என்று. அம்மா சொன்னதைச் சொன்னேன். போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து, மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தட்டு நேற்று இரவே உள்ளே வந்துவிட்டது. மாமியார் உங்கள் எண்ணைக் கேட்கிறார்.